அம்மாவின் முழங்காலும் கனடாவிலிருந்து வந்த சிவப்பு விளக்கும்

வாசகர் கேள்வி:

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. அம்மாவுக்கு 64 வயது. முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். இரண்டு முழங்காலிலும் நோவு. காலையில் எழும்பிக் கொஞ்ச நேரம் நடந்த பிறகுதான் கால் வசத்துக்கு வரும். பத்து வருசமாகச் சீனியும் பிரஷரும் இருக்கின்றன, கிளினிக்கில் மருந்து எடுக்கிறார். கனடாவில் இருக்கும் அண்ணன் சிவப்பு ஒளி சிகிச்சைக்கென்று பலகை மாதிரி ஒரு விளக்கு அனுப்பியிருக்கிறார். 660, 850 என்று அதில் எழுதியிருக்கிறது. 6 அங்குலம் தள்ளி வைத்து 10 முதல் 20 நிமிடம் என்று பெட்டியில் போட்டிருக்கிறார்கள். அம்மா முழங்காலில் தைலத்தைப் பூசிக்கொண்டு காலையிலும் மாலையிலும் நாற்பது நாற்பது நிமிடம் உட்காருகிறார். பாதத்துக்கும் பிடிக்கிறார். "பாதத்துல ஒண்ணுமே தெரியல புள்ள, இன்னும் கிட்ட வை" என்கிறார். இனி மாத்திரை வேண்டாம், இதுவே போதும் என்று அண்ணி போனில் சொன்னாராம். என் மகன் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து பாடம் எழுதுகிறான். எனக்கும் கன்னத்தில் மங்கு இருக்கிறது, முகத்துக்குப் பிடிக்கலாமா? லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்கிறார்கள், கரண்ட் பில்லுக்குக் காசு தருகிறார்களாம். இதை வீட்டில் வைத்துப் பாவிப்பது பாதுகாப்பானதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் கேட்ட கேள்வியைவிட நடுவில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் ஒரு பிசியோதெரபிஸ்டாக என்னை நிறுத்தியது. "பாதத்துல ஒண்ணுமே தெரியல, இன்னும் கிட்ட வை." பத்து வருசம் சீனி வருத்தம் உள்ள ஒருவர் காலில் சூடு தெரியவில்லை என்று சொன்னால், விளக்கில் பலம் குறைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பாதத்தின் நரம்புகள் மரத்துப்போயிருக்கின்றனவா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அது தெரியும் வரைக்கும் பாதத்துக்கு அந்த விளக்கு வேண்டாம். இன்று மாலையே நிறுத்திவிடுங்கள்.

சீனி நீண்ட காலம் கூடுதலாக இருந்தால் உடம்பிலேயே மிக நீளமான நரம்புகள் முதலில் பழுதாகும். அதனால்தான் கால் விரல் நுனியில் தொடங்கி மேல்நோக்கி வருகிறது. சிலருக்கு எரிவும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் வரும். சிலருக்கு அதுகூட இல்லை, சத்தமில்லாமல் உணர்ச்சி போய்விடும். அட்டை கடித்ததும், கல் கிழித்ததும், சுடுநீர் பட்டதும் தெரியாது. வாழ்நாளெல்லாம் மழையிலும் சேற்றிலும் மலை ஏறிய கால்களில் தோல் தடித்து, வெடித்து இருப்பதால், "அது எப்பவும் அப்படித்தான்" என்று வீட்டிலும் விட்டுவிடுவார்கள்.

ஆஸ்பத்திரியில் இதை மெல்லிய நைலோன் இழை ஒன்றால் தொட்டுப் பார்ப்பார்கள். வீட்டில் உங்கள் விரலே போதும். அம்மாவைப் படுக்கவைத்து, சப்பாத்து மேஸ் எல்லாவற்றையும் கழற்றி, கண்ணை மூடச் சொல்லுங்கள். தொடுவது தெரிந்தால் வலது அல்லது இடது என்று சொல்லட்டும். சுட்டுவிரல் நுனியால் இறகுபோல, ஒன்றிரண்டு விநாடிதான், கால் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் ஆகிய மூன்றின் நுனியையும் இரண்டு காலிலும் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது, அழுத்தினால் வேறு நரம்பு பதில் சொல்லிவிடும். ஆறு இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த கிளினிக் நாளில் இதைக் கட்டாயம் டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

முழங்காலுக்கு இன்னொரு சோதனை. எந்தச் சூட்டுச் சிகிச்சைக்கும் முன் நாங்கள் செய்கிறதுதான். இரண்டு டம்ளர் எடுங்கள். ஒன்றில் கையில் ஊற்றினால் இதமாக இருக்கிற வெந்நீர், மற்றதில் பைப் தண்ணீர். உங்கள் ஊர்ப் பைப் தண்ணீர் போதுமான அளவு குளிர்ந்தே இருக்கும். டம்ளரின் வெளிப்பக்கத்தை மாற்றி மாற்றி முழங்காலைச் சுற்றி வையுங்கள். எது சூடு, எது குளிர் என்று கண்ணை மூடிக்கொண்டு அம்மா தடுமாறாமல் சொன்னால் முழங்காலுக்கு விளக்குப் பிடிக்கலாம். தடுமாறினால் முழங்காலுக்கும் வேண்டாம்.

இனி விளக்கைப் பற்றி. 660, 850 என்பவை ஒளியின் அலைநீளம், நானோமீற்றரில். 660 கண்ணுக்குத் தெரிகிற சிவப்பு. 850 சிவப்புக்கு அப்பால் உள்ள அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. இரண்டிலும் தோலைக் கருக்குகிற புறஊதா இல்லை. 1967இல் புடாபெஸ்ட் நகரில் எந்த்ரே மெஸ்தர் என்ற மருத்துவர், லேசர் ஒளியால் புற்றுநோய் வருமா என்று பார்க்க, எலிகளின் மயிரை மழித்துவிட்டுச் சிவப்பு லேசரைப் பாய்ச்சினார். புற்றுநோய் வரவில்லை, மழித்த இடத்தில் மயிர்தான் வேகமாக முளைத்தது. இந்தத் துறை தொடங்கியது அங்கேதான். கலத்துக்குள் சக்தியை உண்டாக்குகிற மைற்றோகொண்ட்ரியாவில் உள்ள ஒரு நொதி இந்த ஒளியை உறிஞ்சி, கலத்தின் வேலையைத் தூண்டி, அழற்சியைத் தணிக்கிறது என்பது இன்று பலரும் சொல்லும் விளக்கம்.

ஆஸ்பத்திரி பிசியோதெரபிப் பிரிவில் சிவப்பாக எரிகிற ஒரு பெரிய விளக்கை அம்மா பார்த்திருப்பார். அதன் கீழ் படுத்து இடுப்புக்குச் சூடு பிடித்தும் இருக்கலாம். இது அதுவல்ல. அதன் வேலையே சூடு கொடுப்பது. உங்களிடம் உள்ள எல்ஈடி பலகையில் சூடு ஒரு பக்க விளைவு. ஆகவே "சூடு தெரியவில்லை, கிட்ட வை" என்பது இந்த விளக்கைப் பொறுத்தவரை அடிப்படையிலேயே பிழையான அளவுகோல். சூடு தெரியாவிட்டாலும் ஒளி உள்ளே போகும். ஆனால் ஒட்டி வைத்தால், நாற்பது நிமிடத்தில், உணர்ச்சியில்லாத தோல் புண்ணாகும் அளவுக்கு அந்தப் பலகை சூடேறவும் செய்யும்.

இதில் தைலமும் சேர்கிறது. சித்தாலேப மாதிரியான எந்தத் தைலமானாலும், கற்பூரமும் மென்தோலும் மெதைல் சலிசிலேற்றும் கலந்தவை தோலின் இரத்த ஓட்டத்தைக் கூட்டும், மென்தோல் குளிர்ச்சி காட்டி உண்மையான சூட்டை மறைக்கும். அதன்மேல் வெப்பம் பட்டால் மருந்தும் அதிகம் உள்ளே இறங்கும். தைலம் பூசிச் சூட்டுப்பை வைத்துத் தோல் கொப்பளித்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அம்மாவுக்குத் தைலம் இல்லாமல் தூக்கம் வராது என்றால் இரவு பூசட்டும், விளக்குக்கு முன் மட்டும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்திருக்க வேண்டும்.

சரி, முழங்காலுக்கு இது வேலை செய்யுமா? வேலை செய்யும் என்று அடித்துச் சொல்கிறவர் விற்கிறவர்தான். இந்த ஒளிக்கு மிகப் பலமான சான்று இருப்பது நீங்கள் எதிர்பார்க்காத இடத்தில்: புற்றுநோய்ச் சிகிச்சையால் வாயில் வரும் புண்ணைத் தடுப்பதற்கு. அதைச் சர்வதேச வழிகாட்டிகளே பரிந்துரைக்கின்றன, செய்வது பயிற்சி பெற்றவர்கள். தலைமயிர் உதிர்வுக்கு ஓரளவு சான்று உண்டு. முழங்கால் தேய்மானத்தில் சில ஆய்வுகள் நோவு குறைகிறது என்கின்றன, சில வித்தியாசம் இல்லை என்கின்றன. நல்ல பலன் காட்டிய ஆய்வுகளில் பெரும்பாலானவை மூட்டு இடைவெளியில் புள்ளி புள்ளியாக லேசர் கருவியை வைத்துச் செய்தவை, வீட்டுப் பலகையை வைத்து அல்ல. சிவப்பு ஒளி தோலுக்குள் சில மில்லிமீற்றர்தான் போகும். அகச்சிவப்பு அதைவிட ஆழமாகப் போனாலும் வழியிலேயே பெரும்பகுதி தேய்ந்துவிடும். முழங்கால் இடுப்பு மாதிரி ஆழத்தில் இல்லாததால் கொஞ்சம் சாத்தியம் உண்டு. தேய்ந்த குருத்தெலும்பு மட்டும் இதனால் திரும்ப வளராது, அப்படி யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

என் அபிப்பிராயம் இதுதான். அண்ணன் காசு போட்டு அனுப்பியிருக்கிறார், அம்மாவுக்கு அதில் ஆறுதல் கிடைக்கிறது. ஒழுங்காகப் பிடித்தால் தீங்கு குறைவு. ஆகவே தூக்கிப் போடச் சொல்லமாட்டேன். நோவு கொஞ்சம் அடங்குகிற அந்த நேரத்தை எதற்குப் பாவிக்கிறோம் என்பதில்தான் முழு விசயமும் இருக்கிறது. இப்போது அம்மா விளக்கின் முன் எண்பது நிமிடம் அசையாமல் உட்காருகிறார். முழங்கால் தேய்மானத்துக்கு அசையாமல் உட்காருவதைவிடக் கெட்டது குறைவு.

கொழுந்து எடுக்கிற பெண்ணின் முழங்கால் எப்படிப் பழுதாகிறது என்று யோசித்துப் பாருங்கள். 18 கிலோ, 20 கிலோ என்று நிறை ஏற ஏறச் சரிவில் குறுக்காக நடக்கிறார். ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. பாரத்தோடு இறங்கும்போது முழங்கால் சில்லின் பின்பக்கத்தில் விழுகிற அழுத்தம் ஏறும்போது இருப்பதைவிடக் கடுமையாகத் தெரியும். வீட்டுக்கு வந்து அடுப்பின் முன் குந்தியிருக்கிறார், குந்துகிற கக்கூசுக்குப் போகிறார். பென்சன் வயதில் மலைக்குப் போவது நிற்கிறது, தொடைத் தசை இளைக்கிறது, உடம்பு நிறை கூடுகிறது. மூட்டைத் தாங்கிப் பிடிப்பதே தொடையின் முன்பக்கத் தசைதான். அது இளைத்தால் எந்த விளக்கும் தாங்காது.

ஆகவே விளக்கை அணைத்த கையோடு பயிற்சி. அம்மா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பாதத்தைத் தன் பக்கம் இழுத்து, பத்து எண்ணும் வரை பிடித்து மெதுவாக இறக்கட்டும். ஒரு காலுக்குப் பத்துத் தடவை. மூச்சை அடக்கக் கூடாது, பிரஷர் உள்ளவர், சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். அடுத்தது கதிரையிலிருந்து எழும்பி நின்று திரும்ப உட்காருவது. தொடக்கத்தில் கையை ஊன்றட்டும், ஐந்து தடவை போதும். ஒரு கிழமையில் கையை எடுத்துவிடப் பாருங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்குவதில்தான் தசைக்கு வேலை இருக்கிறது. பிறகு லயத்து வாசலில் சமதரையில் பத்து நிமிட நடை. நடக்கையில் லேசான நோவு வந்தால் பயப்படத் தேவையில்லை. அடுத்த நாளும் அந்தக் கூடுதல் நோவு அடங்காமல் இருந்தால் பாதியாகக் குறையுங்கள். கைத்தடி பிடிப்பதென்றால் நோவு கூடிய காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். அநேகம் பேர் மாற்றித்தான் பிடிக்கிறார்கள். அடுப்படியில் ஒரு உயரமான ஸ்டூல் போட்டுக் கொடுங்கள். முடிந்தால் கக்கூசில் பிடித்து எழும்ப ஒரு கம்பியும். அண்ணன் அடுத்த தடவை ஏதாவது அனுப்பக் கேட்டால், கக்கூசுக்குக் கொமோட் வைக்கக் காசு அனுப்பச் சொல்லுங்கள். முழங்காலுக்கு அது இந்த விளக்கைவிடப் பெறுமதி.

எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. நீங்கள் ஆசிரியை, சிரமமில்லாமல் விளங்கும். தோலின் ஒரு சதுர சென்டிமீற்றரில் எத்தனை மில்லிவோட் விழுகிறதோ அதை விநாடிகளால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் ஜூல் கணக்கில் அளவு வரும். பலகை 6 அங்குலத்தில் 50 மில்லிவோட் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 10 நிமிடத்தில், அதாவது 600 விநாடியில், 30 ஜூல். நாற்பது நிமிடத்தில் 120. காலை மாலை சேர்த்து 240. பெட்டியில் எழுதியிருக்கிற மில்லிவோட் இலக்கத்தை நூற்றுக்கு நூறு நம்ப வேண்டாம், வெயிலை அளக்கிற மீற்றரால் அளந்து கூட்டிக் காட்டுகிற வியாபாரிகள் உண்டு.

இந்த ஒளியில் கூடக் கூட நன்மை கூடுவதில்லை. ஓர் அளவு வரை பலன் ஏறும், அதைத் தாண்டினால் இறங்கும், சில பரிசோதனைகளில் எதிர்மாறாகவும் போயிருக்கிறது. தேயிலைக்கு யூரியா போடுகிற கணக்குத்தான், கைநிறைய அள்ளிப் போட்டால் செடி கருகும். ஆகவே ஒரு முழங்காலுக்கு 10 நிமிடம், பெட்டியில் சொன்ன 6 அங்குலத்துக்குக் குறையாமல், கிழமைக்கு நான்கைந்து நாள், நாளுக்கு ஒரு தடவை. தூரத்தைக் கண் மதிப்பில் விடாமல் தையல் டேப்பால் அளந்து வையுங்கள். துணிக்கு மேலால் பிடிப்பதில் பலனில்லை. கம்பளியை ஒதுக்கித் தோலில் நேராகப் படட்டும், மற்ற இடத்தை மூடிக்கொள்ளலாம். போனில் அலாரம் வையுங்கள், ஏனென்றால் குளிர் நாளில் அந்த இதத்தில் அம்மா தூங்கிவிடுவார். முடிந்ததும் தோலைப் பாருங்கள். லேசாகச் சிவந்து சீக்கிரம் மறைந்தால் சரி. அடுத்த நாளும் சிவப்பு, எரிவு, கொப்பளம் என்றால் நிறுத்த வேண்டும்.

ஒரு கொப்பியில் கிழமைக்கு ஒரு தடவை, படி இறங்கும்போது நோவு பத்துக்கு எத்தனை என்று எழுதி வையுங்கள். ஆறு கிழமையில் இலக்கம் குறையாவிட்டால் விளக்கைப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். பயிற்சியை நிறுத்தக் கூடாது.

மகனின் விசயம். 850 கண்ணுக்குத் தெரியாது என்று சொன்னேன். பலகையில் பாதிக் குமிழ்கள் மங்கலாகவோ எரியாத மாதிரியோ இருந்தால் அவை பழுதல்ல, அவைதான் அகச்சிவப்புக் குமிழ்கள். பிரகாசமான வெளிச்சத்துக்குக் கண் தானாகச் சுருங்கும், முகம் திரும்பும். தெரியாத ஒளிக்கு அந்தக் காவல் இல்லை. கண்ணிமையை மூடினாலும் சிவப்பு ஓரளவு ஊடுருவும். பக்கத்தில் உட்கார்ந்து எழுதியதால் உங்கள் மகனின் கண்ணுக்கு ஏதும் ஆகியிருக்காது, பயப்பட வேண்டாம். ஆனால் அது படிக்கிற விளக்கல்ல. சீனாவில் சிறுவர்களின் கிட்டப்பார்வைக்கென்று சிவப்பு லேசர் ஒளியைக் கண்ணுக்குள் பாய்ச்சும் கருவிகள் வீடு வீடாகப் பரவின. அதைப் பாவித்த 12 வயதுச் சிறுமி ஒருத்திக்கு விழித்திரை பழுதானது 2023இல் மருத்துவ இதழொன்றில் வெளியானது. அது வேறு கருவி, நேராகக் கண்ணுக்குள்ளேயே பிடித்தது. இருந்தாலும் "வெறும் சிவப்பு வெளிச்சம்தானே" என்ற நினைப்பு எங்கே முடியும் என்பதற்கு அதைச் சொல்கிறேன். பலகை முழங்கால் உயரத்தில் கீழ்நோக்கி இருக்கட்டும், அம்மா முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொள்ளட்டும், பெட்டியில் கறுப்புக் கண்ணாடி வந்திருந்தால் போடட்டும். எரியும்போது சிறுவர்கள் அந்த அறையில் வேண்டாம். அம்மாவுக்குச் சீனி இருப்பதால் விளக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருசத்துக்கு ஒரு தடவை விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கிளினிக் கொப்பியில் தேடிப் பாருங்கள்.

உங்கள் மங்குக்கு என் பதில் ஒரே சொல்: வேண்டாம். மங்கு புறஊதாவால் மட்டும் வருவதல்ல, கண்ணுக்குத் தெரிகிற ஒளியும் சூடும்கூட அதைக் கிளப்பும். அதிலும் நம் நிறத் தோலில் எந்தத் தூண்டலுக்கும் கறுப்பு விழுவது சுலபம். 2020இல் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமானவர்களின் தோலுக்குச் சிவப்பு எல்ஈடி ஒளியை அளவு கூட்டிக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளைத் தோல் 480 ஜூல் வரை தாங்கியது, நிறத்தோல் 320 வரைதான். உங்கள் அம்மாவின் 120 அதற்குள்தான் இருக்கிறது. ஆனால் அங்கே இருந்தவர்கள் தைலம் பூசாத, உணர்ச்சி குறையாத ஆட்கள், பக்கத்தில் மருத்துவர். மங்குக்கு உங்களுக்கு உதவப்போவது தொப்பியும் சன்ஸ்கிரீனும்தான். மலைநாட்டில் குளிர்கிறதே, மூடுபனியாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் ஏறினால் புறஊதா ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து வீதம் கூடும், பனி அதை முழுதாக மறைக்காது. நிறம் கலந்த சன்ஸ்கிரீன் கிடைத்தால் இன்னும் நல்லது, அதிலுள்ள இரும்பு ஒட்சைட்டு கண்ணுக்குத் தெரிகிற ஒளியையும் தடுக்கும். தோல் கிளினிக்கில் ஒரு தடவை காட்டுங்கள். முகத்தை வெளுக்கச் செய்கிற பெயர் தெரியாத கிரீம்களின் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

மாத்திரை. அண்ணி அன்பில்தான் சொல்லியிருப்பார். ஆனால் இந்த ஒளி சீனியையோ பிரஷரையோ குறைக்கிற சிகிச்சை அல்ல. அம்மா ஏற்கனவே நிறுத்தியிருந்தால் இன்றே கிளினிக்குக்குத் தெரிவியுங்கள். விட்டதற்குச் சேர்த்து இரட்டையாக விழுங்கவும் கூடாது. முழங்காலுக்கு எடுக்கிற பனடோலை, நோவு குறைந்தால், குறைப்பதில் தவறில்லை. ஒளியால் தோலைக் கூச வைக்கிற மருந்துகள் சில உண்டு. பருவுக்கும் காய்ச்சலுக்கும் கொடுக்கிற டொக்சிசைக்கிளின், இதயத் துடிப்புக்கான அமியோடரோன், பிரஷருக்குக் கொடுக்கிற, சிறுநீரைக் கூட்டும் சில தண்ணீர் மாத்திரைகள். இவற்றில் அநேகமானவை வெயிலின் புறஊதாவோடுதான் சண்டை பிடிக்கும், சிவப்போடு அல்ல. இருந்தாலும் அம்மாவின் மருந்துச் சீட்டை ஒரு தடவை பாமசிஸ்டிடம் காட்டிக் கேட்டுவிட்டுப் பிடிப்பது நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்று: கரண்ட். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. பலகையின் பின்னாலோ அடப்டரிலோ 100-240 என்று எழுதியிருந்தால் பிரச்சினையில்லை. 120 மட்டும் என்றிருந்தால் கடையில் விற்கிற சின்ன முனை மாற்றி போதாது, அது முனையை மாற்றுமே தவிர வோல்ட்டை மாற்றாது. இதுவரை புகையாமல் எரிகிறது என்பதால் அநேகமாக 240 வரை தாங்குகிற வகையாகத்தான் இருக்கும், ஆனால் எழுத்தைப் பாருங்கள். இரண்டு முனைப் பிளக்கை 13 ஆம்ப் பிளக் பொயிண்டுக்குள் பேனை மூடியையோ ஈர்க்கையோ குத்தித் திறந்து செருகுகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அம்மா தனியாக இருக்கும்போது அதைச் செய்யவே கூடாது. பழைய லயங்களில் ஒரு வயரிலிருந்து இன்னொரு வயர் என்று இழுத்து இழுத்து எர்த் எங்கே போனதென்றே தெரியாத இணைப்புகள் இருக்கின்றன. ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் விளக்கு இருக்கட்டும், முதலில் வயர்மேனைக் கூப்பிடுங்கள். ஈரக் காலோடு, ஈரச் சீமெந்துத் தரையில் வைத்துப் பிடிக்க வேண்டாம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி கடுமையாக இருக்கும் நாட்களில் பிளக்கைக் கழற்றியே வையுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

பக்கத்து வீட்டார். இல்லை என்று சொல்வது லயத்தில் எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் காசு வாங்கிப் பிடிக்கத் தொடங்கினால், யாருடைய காலில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே நீங்கள் ஒரு சிகிச்சை நிலையம் நடத்துகிறீர்கள். இலங்கையில் மருத்துவக் கருவிகள் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவாக வேண்டியவை. ஒருவருக்கு அன்பளிப்பாக வந்த விளக்கு வேறு, ஊருக்கெல்லாம் காசுக்குப் பிடிக்கிற விளக்கு வேறு. பெட்டியில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்டிஏயின் பெயர் இருந்தாலும் கவனமாகப் படியுங்கள். நிறுவனத்தைப் பதிந்திருக்கிறது என்பதற்கும் அந்தக் கருவி பலன் தரும் என்று உறுதி செய்யப்பட்டிருக்கிறது என்பதற்கும் வெகுதூரம்.

மனசு கேட்காமல் யாருக்காவது பிடிக்க நேர்ந்தால் சிலருக்குக் கண்டிப்பாக மறுக்க வேண்டும். புற்றுநோய் இருந்த அல்லது சந்தேகம் உள்ள இடம், கர்ப்பிணியின் வயிறும் இடுப்பும், கழுத்தில் தைரொயிட் சுரப்பி உள்ள பக்கம், காரணம் தெரியாத கட்டி, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிற லூப்பஸ் நோயுள்ளவர், விளக்கில் விட்டு விட்டு மின்னுகிற வசதி இருந்தால் வலிப்பு உள்ளவர். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி நோகிறதென்றால் அது நாளத்தில் இரத்தம் கட்டியதாக இருக்கலாம், நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூட்டு ஒன்று திடீரென்று சிவந்து, கொதித்து, காய்ச்சலும் சேர்ந்தால் அதுவும் அப்படியே, அன்றைக்கே. நடக்க முடியாமல் இருந்தால் 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். நீரிழிவுக்காரரின் பாதப் புண்ணுக்கு இந்த ஒளி நல்லது என்று இணையத்தில் எழுதியிருப்பார்கள். உண்மையில் ஆராய்ச்சியும் நடக்கிறது. ஆனால் அது டிரெசிங் பண்ணி, கிருமித் தொற்றைப் பார்த்து, இரத்த ஓட்டத்தைச் சோதித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் செய்கிற காரியம். லயத்தில் புண்ணுக்கு வெளிச்சம் பிடித்துக்கொண்டு இரண்டு கிழமை தாமதித்தால் விரல் போகும்.

உங்களுக்கு டிக்கோயா ஆதார வைத்தியசாலை கிட்ட. கிளினிக் டொக்டரிடம் அம்மாவின் முழங்காலைச் சொல்லி, பிசியோதெரபிக்கு அனுப்பச் சொல்லி நீங்களே வாய் திறந்து கேளுங்கள். சீனி கிளினிக்கில் முழங்காலைப் பற்றி யாரும் தானாகக் கேட்கமாட்டார்கள், வரிசை நீளம். போகும்போது கிளினிக் கொப்பியோடு விளக்கின் பின்பக்க எழுத்தைப் போனில் படமெடுத்துக்கொண்டு போங்கள். விரலால் தொட்டுப் பார்த்ததில் எந்த விரல் தெரியவில்லை என்பதை ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். அம்மா தோட்டத்தில் தினமும் போடுகிற செருப்பையே போட்டுக்கொண்டு வரட்டும், ஆஸ்பத்திரிக்கென்று எடுத்து வைத்திருக்கும் நல்ல செருப்பை அல்ல. பாதத்தைப் பார்க்கிறவர் அந்தச் செருப்பையும் பார்க்க வேண்டும்.